அறுபத்திரண்டாவது செடி

செத்துப்போன நண்டின் முதுகில் ஓணான் ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஆறு கால்களில் நான்கைக் கறையான் புற்று மூடிவிட்டது. குறைந்தது இரண்டு மழைக்காலமாவது அது அந்தப் பாறை மறைவில் அசையாமல் கிடந்திருக்க வேண்டும். ஆனால் மிதுனாவின் கையிலிருந்த டேப் திரையில் அது பச்சைப் புள்ளியாக மின்னிக்கொண்டிருந்தது: நாற்பத்தேழாம் நண்டு, நலம், பணியில் உள்ளது. கால் செத்தும் அதற்கு வாய் சாகவில்லை.

மிதுனா நண்டைத் தேடி வரவில்லை. புல்லைத் தேடி வந்தாள். வேலங்காட்டுவலசின் கொரங்காட்டில் பத்து வருடமாகப் புல் குறைந்துகொண்டே வந்தது. முன்பெல்லாம் தை மாதம் ஒரு பகுதியை அறுத்துப் போர் போட்டால் கோடை முழுவதும் எட்டு வீட்டு மாடுகளுக்கும் தாங்கும். போன வருடம் பங்குனியிலேயே போர் தீர்ந்துவிட்டது. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. அன்று காலை வேலியோரமாக நடந்து வந்தவள், தென்கிழக்கு மூலையில் பாறைக்குப் பின்னால் மட்டும் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நிற்பதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு விரைந்து வந்தாள்.

காடு என்று பெயர் இருப்பதால் வெளியூர்க்காரர்கள் வந்து மரங்களைத் தேடுவார்கள். இருப்பது முந்நூறு ஏக்கர் வானம் பார்த்த மேய்ச்சல் நிலம். சுற்றிலும் முள் கிளுவை வேலி, நடுநடுவே வெள்வேல மரங்கள், தரையெல்லாம் புல்லும் புல்லுக்குள் ஒளிந்த சின்னச் செடிகளும். மாவட்டத்தில் இப்படி ஆயிரக்கணக்கான காடுகள் இருந்தன. சீமைக் கருவேலமும் பார்த்தீனியமும் ஒவ்வொன்றாக விழுங்கி, கடைசியில் இது ஒன்றுதான் மிஞ்சியது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், முப்பத்து மூன்று வயதில், மிதுனா இந்த முந்நூறு ஏக்கரையும் பதினான்கு மாதம் காலால் அளந்து ஒரு பட்டியல் போட்டாள். இந்த மண்ணுக்குச் சொந்தமான செடிகள் அறுபத்தொன்று. அரசு அந்தப் பட்டியலையே சட்டமாக்கியது. பட்டியலை வாங்கிக்கொண்டு நண்டுகள் இறங்கின. சோற்றுப் பானை அளவுள்ள இயந்திரங்கள். செடி செடியாக நின்று பார்க்கும். பட்டியலில் இல்லாததை வேரோடு பிடுங்கி அரைத்து அங்கேயே உரமாகத் துப்பிவிட்டுப் போகும். நான்கே வருடத்தில் சீமைக் கருவேலம் ஒன்றுகூட இல்லை. மிதுனாவை மேடையேற்றி மாலை போட்டார்கள்.

அவள் குத்துக்காலிட்டுப் புல்லை விலக்கினாள். புல்லின் தூர்களுக்கு நடுவே ஒரு கொடி தரையோடு தரையாக ஓடியிருந்தது. வெந்தய இலை மாதிரி மும்மூன்று இலை. அரிசி முனையளவு ஊதாப் பூ. டேப்பை அதன் மேல் நீட்டினாள்.

"பட்டியலில் இல்லை. அகற்றவும்" என்றது டேப்.

மிதுனா அகற்றவில்லை. அந்த இலையை அவள் முன்பே ஒரு தடவை பார்த்திருந்தாள். பதினொரு வருடத்துக்கு முன்னால், நில ஆணையத்தின் மேசை மேல், பிளாஸ்டிக் உறைக்குள் வாடிக் கிடந்தது.

*

அது தரணீஷின் வழக்கு. பதினான்கு காங்கேயம் மாடுகளைக் கொரங்காட்டில் மேய்த்துக்கொண்டிருந்தவர். ஒரு நாள் அவர் ஒரு கொடியைச் சுற்றி முள் வைத்து அடைத்து, அதைப் பிடுங்க வந்த நண்டைக் குப்புறக் கவிழ்த்துப்போட்டார். நண்டின் கண்ணில் எல்லாம் பதிவாகியிருந்தது. வெளிச்செடியைக் கொண்டுவந்து நட்டார் என்று வழக்கு.

ஆணையத்தில் தாவர அதிகாரி மிதுனாதான் சாட்சி. "பட்டியலில் இல்லை. எந்தப் பழைய குறிப்பிலும் இல்லை. வெளியிலிருந்து வாங்கிய தீவனத்தோடு வந்திருக்கலாம்" என்றாள். தரணீஷ் கையைக் கட்டிக்கொண்டு என்னமோ சொன்னார். அவள் காதில் வாங்கவில்லை. சட்டம் தெளிவாக இருந்தது: வெளிச்செடியை உள்ளே கொண்டுவந்தவரும், உள்செடியை அழித்தவரும் ஆயுளுக்கும் அந்த வேலியைத் தாண்டக்கூடாது. அவர் மாடுகளை விற்றுவிட்டு ஊரை விட்டே போய்விட்டார்.

பாறை மறைவில் கொடியைக் கண்ட மறுநாள் மிதுனா கொரங்காட்டுக் காப்பு அலுவலகத்தில் இயக்குநர் யுவராணியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். யுவராணி டேப்பில் கொடியின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"சரி, ஒரு கொடி. அதுக்கு ஏன் உன் முகம் இப்படி இருக்கு?"

"நண்டு போகாத ஒரே இடம் அதுதான். அங்க மட்டும்தான் புல்லு அப்படி நிக்குது. இது பயறு வகைக் கொடி, யுவா. மண்ணுக்குச் சத்து குடுக்கற ஜாதி. இதை வருஷாவருஷம் புடுங்கிட்டு, புல்லு ஏன் கொறையுதுன்னு நாமளே கமிட்டி போட்டுட்டு இருக்கோம்."

"அப்போ நீ எப்படி இதைத் தவறவிட்ட?"

"தெரியல. நான் நடந்த பதினாலு மாசமும் மழை சரியில்லாத காலம். மொளைச்சிருக்காது."

யுவராணி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"மிதுனா, நல்லா யோசி. மின்கலக் கம்பெனிக்காரன் ஆறு வருஷமா இந்தக் காட்டுக்குக் கேஸ் நடத்திட்டு இருக்கான். அவன் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: இந்தப் பட்டியலே தப்பு, அதனால காப்பும் செல்லாது. இத்தனை நாளா நாம ஜெயிச்சிட்டு வர்றதே உன் பட்டியல்ல ஒரு ஓட்டை இல்லேங்கறதாலதான். இப்ப நீயே போய் ஓட்டை இருக்குன்னு சொல்லப்போறியா? ஒரு கொடிக்காக அறுபத்தொண்ணையும் பலி குடுக்கலாமா?"

யுவராணி டேப்பை மிதுனாவின் பக்கம் தள்ளினாள்.

"நான் ஒண்ணு சொல்றேன். அந்த நண்டு செத்தே கிடக்கட்டும். பக்கத்துல இன்னும் ரெண்டு நண்டு செத்ததா வெச்சுக்கோ. கொடியும் பிழைக்கும், காடும் பிழைக்கும். யாருக்கும் தெரிய வேண்டாம்."

நல்ல யோசனைதான். அதை ஏற்றுக்கொண்டு எழுந்து போய்விடலாம் என்று மிதுனாவுக்கு ஒரு கணம் தோன்றியதும் உண்மை.

"தரணீஷுக்கு என்ன சொல்றது?" என்று கேட்டாள்.

யுவராணி எழுந்து போய், சாத்திய கதவைத் திறந்துவிட்டாள்.

*

தரணீஷ் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க நான்கு நாளானது. வெள்ளகோவிலைத் தாண்டி ஒரு பால்கூடத்தில் வேலை பார்த்தார். ஐந்து மாடிக் கட்டடம். மாடுகள் மண்ணை மிதிக்காமலே பிறந்து, குழாயில் வரும் கூழைத் தின்று, பால் கறந்து, வயதாகிப் போகிற இடம். அதன் பின்னால் வேலைக்காரர்களுக்கான வரிசை வீடுகளில் கடைசி வீடு அவருடையது. பகல் சாப்பாட்டுக்கு வந்தவர் வாசலில் கைகழுவிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மிதுனாவை அடையாளம் தெரிந்ததும் கழுவிய கையையே திரும்பவும் கழுவினார்.

அவர் மனைவி ஓவியா கதவை மறித்து நின்றாள்.

"இன்னும் என்னங்க வேணும் உங்களுக்கு? இவரு இப்ப எந்தக் காட்டுக்கும் போறதில்லீங்க. பில்லப் பாத்தே வருசக்கணக்காச்சு."

"உள்ள வரச் சொல்லு புள்ள" என்றார் தரணீஷ்.

மிதுனா உள்ளே போய் உட்காரவில்லை. நின்றபடியே படத்தைக் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார். பெருவிரலால் திரையைத் தடவினார்.

"நாப்பதாங்கொடி" என்றார். "பூவு உட்டிருக்குது."

"நான் தப்பு பண்ணிட்டேங்ண்ணா. அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரி. அதைச் சொல்லீட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

அவர் டேப்பைத் திருப்பிக் கொடுத்தார். ஓவியாதான் கேட்டாள்.

"தப்புன்னு சொல்லிட்டா ஆச்சுங்களா? பதினாலு உருப்படிங்க. ஒவ்வொண்ணுக்கும் பேரு வெச்சிருந்தாரு. வித்த அன்னைக்கு லாரிக்காரன் கயித்தக் கேக்கறான், இவரு குடுக்க மாட்டேன்னு கையில சுத்திக்கிட்டு நிக்கறாரு. அந்தக் கயிறு பதினாலும் அந்தப் பொட்டிக்குள்ளதான் கெடக்குது. பாக்கறீங்களா?"

"வேணாம் உடு புள்ள" என்றார் தரணீஷ்.

மிதுனா தரணீஷின் பக்கம் திரும்பினாள். "நான் ஆணையத்துல போய்ச் சொல்லப்போறேன். ஆனா நான் சொன்னா மட்டும் பத்தாது. அது இந்த மண்ணோட செடிதான்னு நிரூபிக்கோணும். எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல. நீங்க வந்து சாட்சி சொல்லுவீங்களா?"

"நா ஒருக்கா வந்து சொல்லிட்டனுங்க" என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "மறுக்காவும் அதையேதான் சொல்லோணும். ஏட்டுல எழுதியிருப்பாங்கல்ல, எடுத்துப் படிக்கச் சொல்லுங்க."

அவள் தலையாட்டிவிட்டுப் புறப்பட்டாள். வண்டி வரைக்கும் போய்விட்டவளைப் பின்னாலிருந்து அவர் குரல் நிறுத்தியது.

"மேடம். வலசுல எங்க பழைய மாட்டுக்கொட்டாய் இன்னும் நிக்குதுங்களா?"

"கூரை போயிருச்சு. செவுரு நிக்குது."

"எங்க பாட்டனுக்குப் பாட்டன் கட்டுனது. சுடாத கல்லுங்க. கொரங்காட்டுக் குட்டையில மண்ணெடுத்து, அந்தக் காட்டுப் பில்லவே காய வெச்சு, வெட்டிப் போட்டு, மிதிச்சு அறுத்த கல்லு. அன்னைக்குக் காட்டுல என்னென்ன மொளைச்சுதோ, அத்தனையும் அந்தச் செவுத்துக்குள்ள இருக்கோணுமுங்க. எனக்கு இது பின்னாலதான் தோணுச்சு. தோணி என்ன பண்றது? நீங்க வேணும்னா பாருங்க."

*

மாட்டுக்கொட்டாயின் நிலைக்கட்டையில் 1891 என்று செதுக்கியிருந்தது. மிதுனா தானே கடப்பாரை எடுத்து, வெவ்வேறு இடத்திலிருந்து இருபது கற்களைப் பெயர்த்தாள். உள்ளூர்க்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அலுவலகக் கொட்டகையில் ஒவ்வொரு கல்லையும் தனித்தனி வாளியில் ஊறவைத்து, மெல்லக் கரைத்து, துணியில் வடிகட்டி, வண்டலைத் தட்டில் பரப்பி, கண்ணாடி வைத்து ஊசி முனையால் விலக்கி விலக்கித் தேடினாள். கொழுக்கட்டைப் புல் விதை வந்தது. கொழுஞ்சி வந்தது. செப்பு நெருஞ்சி, துத்தி, நரிப்பயறு என்று பழகிய முகங்களாக வந்துகொண்டே இருந்தன. முதல் ஆறு கற்களில் அவள் தேடியது இல்லை.

இதற்கிடையில் பாறை மறைவில் இருந்த கொடி காய்த்து, முற்றி, மூன்றே வாரத்தில் கருகிப்போனது. அதற்கு முன் நான்கு நெற்றுகளைப் பறித்துவைத்திருந்தாள். விதை கறுப்பு, சிறுநீரக வடிவம், முதுகில் சீப்புப் பல் மாதிரி ஒரு வரிசை மேடு. வேறு எந்த விதைக்கும் அந்த முதுகு கிடையாது.

ஏழாவது கல்லில் அந்த முதுகு கிடைத்தது. அவள் அதை ஊசி முனையால் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இருபது கற்களும் தீர்ந்தபோது மொத்தம் ஒன்பது விதைகள் இருந்தன. வயது பார்க்க இரண்டை ஆய்வகத்துக்கு அனுப்பினாள். மாட்டுக்கொட்டாய் கட்டிய காலமும் விதையின் காலமும் ஒன்றே என்று பதில் வந்தது. நண்டும் பட்டியலும் மிதுனாவும் பிறப்பதற்கு எவ்வளவோ முன்பிருந்தே நாப்பதாங்கொடி அங்கே இருந்திருக்கிறது.

அன்று மாலையே அவள் ஆணையத்துக்கு மனு எழுதினாள். யுவராணி அதைப் படித்துவிட்டு, "இதை அனுப்பினா உன்னைக் காப்பாத்த என்னால முடியாது" என்றாள்.

"தெரியும்."

"சட்டத்துல இன்னொரு பாதி இருக்கு. ஞாபகம் இருக்கா?"

"அந்த வரியை எழுதிக் குடுத்ததே நான்தானே யுவா."

*

விசாரணை நாளன்று கம்பெனியின் வக்கீல் முகத்தில் கல்யாண வீட்டுக் களை இருந்தது. ஆறு வருடமாகத் தன்னால் செய்ய முடியாததை எதிர்த்தரப்பு அதிகாரியே வந்து செய்யப்போகிறார்.

மிதுனா விதைகளைக் காட்டினாள். கற்களைப் பற்றிச் சொன்னாள். பிறகு, பதினொரு வருடத்துக்கு முந்தைய சாட்சியம் ஒன்றைப் படிக்க அனுமதி கேட்டாள். ஆணையத் தலைவி சரியென்று தலையசைத்தார்.

மிதுனா எழுந்து நின்று, எழுத்து மாறாமல் படித்தாள். "இது நாப்பதாங்கொடிங்க. சித்திரையிலயும் மழை பேஞ்சு, ஐப்பசியிலயும் பேஞ்ச வருசந்தான் மொளைக்கும். மத்த வருசமெல்லாம் மண்ணுக்குள்ள படுத்திருக்கும். நாப்பது நாள்தான் உசிரு. மாட்ட அவுத்து உட்டா மொதல்ல இதைத்தான் தேடிப் போகும். இதை நா கொண்டாரலீங்க. இது இருக்கற எடத்துக்குத்தான் நாங்க மாடு கொண்டாந்தோம்."

தாளைக் கீழே வைத்தாள். "இதை அன்னைக்கே அவர் சொன்னார். பக்கத்து நாற்காலியிலதான் நான் இருந்தேன்" என்றாள்.

வக்கீல் எழுந்தார். "ஒன்றைத் தவறவிட்டவர் பத்தைத் தவறவிட்டிருக்கலாம் அல்லவா?"

"விட்டிருக்கலாம்."

"அப்படியானால் இந்தப் பட்டியலை எப்படி நம்புவது?"

"நம்ப வேண்டாம். நண்டுகளை நிறுத்திட்டு, ஒரு வருஷம் மனுஷங்களை விட்டுப் பாருங்க. காட்டைக் காப்பாத்தச் சொல்றதுக்குப் பட்டியல் சரியா இருக்கணும்னு அவசியமில்ல. காடு இருந்தாப் போதும்."

"பத்தொன்பது வருடமாக இந்தச் செடியைப் பிடுங்கியது யார்?"

"நண்டுகள்."

"நண்டுகளுக்குச் சொன்னது யார்?"

"நான்."

"உள்செடியை அழித்தவருக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியுமா?"

"தெரியும். அதுக்கும் சேர்த்துத்தான் கையெழுத்து போட்டிருக்கேன். மனுவோட கடைசிப் பக்கத்தைப் பாருங்க."

வக்கீல் பார்த்தார்; அந்தத் தண்டனையை அவளே தனக்குக் கேட்டிருந்தாள். அதன் பிறகு அவர் முகத்தில் அந்தக் களை இல்லை.

மூன்று வாரம் கழித்து ஆணை வந்தது. தரணீஷின் மேலிருந்த தடை நீங்கியது. நண்டுகள் நிறுத்தப்பட்டன. ஒரு வருடம் முழுவதும் மனிதர்கள் நடந்து புதிதாகக் கணக்கெடுக்க வேண்டும். அந்த ஒரு வருடத்துக்குள் சீமைக் கருவேலமோ பார்த்தீனியமோ நிலத்தில் கால் ஊன்றிவிட்டால் காப்பு நீங்கும், நிலம் ஏலத்துக்குப் போகும். கடைசியாக ஒரு வரி: தாவர அதிகாரி மிதுனா இந்த ஆணை கிடைத்த நாள் முதல் கொரங்காட்டு எல்லைக்குள் நுழையக்கூடாது.

யுவராணிதான் தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். மிதுனா அப்போது தெற்கு வாசலுக்கு உள்பக்கம் நின்றிருந்தாள். படித்து முடித்துத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி அதிலிருந்த மண்ணை அங்கேயே தட்டிவிட்டு, வெளியே வந்து படலைச் சாத்தினாள்.

*

அந்த வருடத்தைப் பற்றி வலசுக்காரர்கள் இன்றும் பேசுவார்கள். அறுபது நண்டுகளும் கொட்டகையில் குவிந்து கிடக்க, முந்நூறு ஏக்கரையும் கையால் காக்க வேண்டியிருந்தது. காற்றிலும் வண்டிச் சக்கரத்திலும் ஆட்டுப் புழுக்கையிலும் விதை வந்துகொண்டே இருந்தது. எட்டு வீட்டுக்காரர்களும் முறை போட்டுக்கொண்டு காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் வரிசையாக நடந்து பிடுங்கினார்கள். யுவராணி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, கையுறை போட்டுக்கொண்டு குனிந்தாள். பார்த்தீனியம் பட்டு அவள் முழங்கை வரைக்கும் தடித்துப்போனது. அடுத்த ஞாயிறும் வந்தாள்.

மிதுனா வேலையை விட்டு விலகி, வேலியை ஒட்டிய ஒரு ஓட்டு வீட்டுக்குக் குடிவந்திருந்தாள். எட்டு கிலோமீட்டர் சுற்றளவுள்ள கிளுவை வேலியை வெளியிலிருந்தே தினமும் சுற்றி வருவாள். உள்ளே விதை விழ வாய்ப்புள்ள ஒவ்வொரு சீமைக் கருவேலங்கன்றையும் வெளியிலேயே தோண்டி எடுத்தாள். முள் கிழித்துக் கை புண்ணாகும்; துணியைச் சுற்றிக்கொண்டு தோண்டுவாள். யாராவது பாவம் பார்த்து, "மேடம், இந்த ஓரமா ஒரு எட்டு உள்ள வந்துட்டுப் போங்க, ஆரு பாக்கப் போறாங்க" என்றால் சிரிப்பாளே தவிரக் காலை வைக்க மாட்டாள்.

தரணீஷ் இரண்டாம் மாதம்தான் வந்தார். அழைத்து வந்தது ஓவியா. கூடவே ஒரு கிடாரிக் கன்றும் வந்தது. அவர் வேலிக்கு உள்ளே நின்று, வெளியே நின்ற மிதுனாவைப் பார்த்தார்.

"நானும் அந்தப் பக்கம் பதினோரு வருசம் இருந்தவனுங்க" என்றார். "நெம்பத் தூரமாத் தெரியும். போகப் போகப் பழகிரும்."

"பழக வேண்டாம்ங்ண்ணா" என்றாள் மிதுனா. "நீங்க நடங்க. நான் இந்தப் பக்கம் வரேன். பாக்கறதையெல்லாம் சொல்லிட்டே வாங்க."

அன்றிலிருந்து கணக்கெடுப்பு அப்படித்தான் நடந்தது. ஆணையம் அனுப்பிய இரண்டு தாவர அறிஞர்களும் தரணீஷும் உள்ளே, மிதுனா வெளியே. அவர் ஒரு செடியைப் பார்த்து ஊர்ப்பெயர் சொல்வார். படம் எடுத்து அவளுக்கு அனுப்புவார்கள். அவள் சந்தேகம் கேட்பாள். தண்டைக் கிள்ளினால் பால் வருகிறதா, கசக்கினால் என்ன வாசம், மாடு முகர்ந்துவிட்டு விடுகிறதா, தின்கிறதா. அவர் கசக்கி முகர்ந்து சொல்வார். சில சமயம் தின்றே பார்த்துவிட்டுச் சொல்வார்.

அந்த வருடமும் இரண்டு மழையும் பெய்தன. ஐப்பசி கடைசியில் நாப்பதாங்கொடி பதினான்கு இடங்களில் முளைத்தது.

வருட முடிவில் எண்ணிக்கை எழுபத்து மூன்று. பழைய பட்டியலின் அறுபத்தொன்றும் இருந்தன. மிதுனா தவறவிட்டவை பன்னிரண்டு. புல் முழுக்கத் திரும்பிவிடவில்லை. ஆனால் குறைவது நின்றிருந்தது. சீமைக் கருவேலம் ஒன்றும் வேர் பிடிக்கவில்லை. ஆணையம் இரண்டே மணி நேரத்தில் முடித்தது. காப்பு தொடரும். நண்டுகள் இனி அந்த இரண்டு விஷச் செடிகளை மட்டும் பிடுங்கலாம், வேறு எதையும் தொடக்கூடாது. செடிகளின் பதிவேடு எப்போதும் திறந்திருக்கும், அதை வைத்து யாரையும் தண்டிக்கக் கூடாது. மிதுனாவின் மேலிருந்த தடையைப் பற்றி ஆணையில் ஒன்றும் இல்லை. அவள் அதற்கு மனுப் போட்டிருக்கவுமில்லை.

ஆணை வந்த மறுநாள் காலை தரணீஷ் மாடுகளை ஓட்டிக்கொண்டு உள்ளே நடந்தார். இப்போது கிடாரியோடு இன்னும் இரண்டு சேர்ந்திருந்தன. வேலிக்கு வெளியே மிதுனா அவரோடு சமமாக நடந்தாள். வெயில் இன்னும் ஏறவில்லை. கொஞ்ச தூரம் போனார்கள். பிறகு அவர் நின்று, துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க. தீர்ப்பு வரட்டும்னு இருந்தேன்."

"சொல்லுங்க."

"நா வெளிச்செடி கொண்டாந்தது நெசந்தானுங்க."

மிதுனா சட்டென்று நின்றாள்.

"நாப்பதாங்கொடி இல்லீங்க. அது இந்தக் காட்டுதுதான். இது வேற. எங்களுக்குக் கல்யாணமான வருசம், ஓவியா ஊர்லயிருந்து வரும்போது ஒரு பிடி வெத கொண்டாந்தேன். கன்னுக்குட்டிக வயித்துப்போக்குல செத்துக்கிட்டு இருந்துச்சு. அவிய ஊர்ல அந்தச் செடி தின்னா நிக்கும்னாங்க. தூவி உட்டேன். நல்லாப் புடிச்சுக்கிச்சு. இப்பக் காடு பூராவும் இருக்குது."

"காடு பூராவும்னா..."

"உங்க பழைய பட்டியல்லயே இருக்குதுங்க. அறுபத்தொண்ணுல ஒண்ணு. நீங்க காட்டளக்க வரும்போது அதுக்கு வயசு பதினாலு. நண்டுக அதச் சுத்திச் சுத்திக் காவல் காத்துச்சுக."

மிதுனா வேலியைப் பிடித்துக்கொண்டாள். கிளுவை முள் குத்தியதைக்கூட உணரவில்லை. வெளிச்செடி கொண்டுவந்தவர் என்று இவரைத் தண்டித்த அன்று, இவர் கொண்டுவந்த வெளிச்செடியைச் சட்டம் மடியில் வைத்துக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"அன்னைக்கு ஆணையத்துல இதைச் சொல்லியிருந்தா, என் பட்டியல் தப்புன்னு அப்பவே தெரிஞ்சிருக்குமே. அது சட்டம் வர்றதுக்கு முன்னாடி தூவுனது, நீங்க தப்பிச்சிருப்பீங்களே?"

"சொல்லியிருந்தா அதையும் புடுங்கியிருப்பீங்க" என்றார் தரணீஷ்.

அவளால் மறுக்க முடியவில்லை. நிச்சயம் பிடுங்கியிருப்பாள். அன்று மாலையே பிடுங்கச் சொல்லியிருப்பாள்.

மாடுகள் மேய்ந்துகொண்டே முன்னால் போயின. அவள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். இருபது வருடம் காலடியில் கிடந்த பச்சை. ஒவ்வொன்றின் பெயரும் குலமும் தெரியும். அதில் எது ஓவியாவோடு மருமகளாக வந்தது என்று மட்டும் தெரியவில்லை.

"எதுங்ண்ணா அது?"

"சொல்ல மாட்டனுங்க."

"இனி ஒண்ணும் பண்ண முடியாது. சட்டமே மாறிப்போச்சு. சும்மா தெரிஞ்சுக்கறதுக்குத்தான்."

"அதனாலதான் சொல்ல மாட்டேங்கறேன். நீங்க பெரிய படிப்பு படிச்சவங்க. அந்தப் பக்கம் இருந்தே கண்டுபுடியுங்க." அவர் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது. ஒன்றரை வருடப் பழக்கத்தில் மிதுனா அதை முதல் தடவையாகப் பார்த்தாள்.

அவள் பையிலிருந்து பழைய பட்டியலை எடுத்தாள். மடிப்புகளில் கிழிந்திருந்தது. பென்சிலைத் தேடி எடுத்து, முதல் வரியில் வைத்தாள்.

"கொழுக்கட்டைப் புல் இல்லை. அது செவுத்துலயே இருந்துச்சு."

"இல்லீங்க."

"கொழுஞ்சியும் இருந்துச்சு. அதையும் அடிச்சிடறேன். அப்ப விஷ்ணுகிராந்தியா?"

"நடங்க நடங்க" என்றார் தரணீஷ், மாட்டின் பின்னால் கைவீசிக்கொண்டு. "இன்னும் எட்டு மைலு வேலி இருக்குது."

"எட்டு கிலோமீட்டர்" என்று திருத்திவிட்டு, மிதுனா அடுத்த வரிக்குப் போனாள்.